இடது காலுக்கு வேலை இல்லாத கார்

நாமக்கல்லில் யாரைக் கேட்டாலும் கிளச்சைப் பற்றி ஒரு கதை வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒரு டிரைவர், தெருவுக்கு ஒரு பட்டறை என்று ஊர் மாறிக்கொண்டிருந்த காலம் அது. கிளச்சை மிதிக்கிற விதத்தை வைத்தே இவன் யாரிடம் தொழில் பழகியவன் என்று சொல்லிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் கிளச்சே இல்லாத ஒரு காரை நான் பல வருடம் ஓட்டினேன். பெருமைக்காக இல்லை. வேறு எதையும் ஓட்ட என்னால் முடியாது, அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் நடுவில் முதலாளியின் லாரி தொப்பூர் இறக்கத்தில் என்னோடு சேர்ந்து கவிழ்ந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் என் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்த டாக்டர் நல்ல மனுஷன். உயிரோடு இருக்கிறீர்களே, அதுவே பெரிது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சோறு குழைந்திருந்தால் ஒரு சத்தம், குழையாவிட்டால் ஒரு சத்தம். ஒரு நாள் தட்டைத் தூக்கி வாசல் வரைக்கும் வீசினேன். என் மனைவி அதை எடுத்துக் கழுவி, மறுபடியும் சோறு போட்டு என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பங்குச் சாமியார் பார்க்க வந்து எனக்காக ஜெபம் பண்ணுவதாகச் சொன்னார். "எனக்கு வேண்டாம் சாமி, அவளுக்காகப் பண்ணுங்க. என்னோட இருக்க வேண்டியவ அவதான்" என்றேன். சாமியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சுவரை நான் ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தேன். அதில் எங்கே சுண்ணாம்பு உரிந்திருக்கிறது, எங்கே எறும்பு போகிறது என்று இன்றைக்கும் சொல்லுவேன். இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கார் போனால் நான் மறுபடி போய் உட்கார வேண்டிய இடம் அந்தச் சுவர்தான். அது எனக்குத் தெரியும், அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கார் வந்தது முதலாளியால். மேட்டூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அதை விற்றுவிட்டுப் போனார். அப்போதே அது பழைய கார். முதலாளி ஏதோ ஆசையில் வாங்கிவிட்டார். ஷெட்டில் இருந்த டிரைவர்கள் ஒருத்தனும் அதைத் தொடத் தயாராக இல்லை. ஏறி உட்கார்ந்ததும் அவர்களுடைய இடது கால் கிளச்சைத் தேடும், அங்கே பிரேக்தான் இருக்கும், கார் முட்டிக்கொண்டு நிற்கும். முதலாளி உள்ளே மூக்கை இடித்துக்கொள்வார். இரண்டு தடவை இடித்துக்கொண்ட பிறகு அவரே என் வீட்டுக்கு வந்தார்.

"உனக்கு ஒரு காலு கம்மி, அதுக்கு ஒரு பெடலு கம்மி. ரெண்டும் ஒத்துப்போவீங்க. வந்து ஏறு" என்றார்.

அந்த மாதிரி வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊன்றிக்கொள்ளும் கட்டையால் அடித்திருப்பேன். அவர் சொன்னதும் எழுந்து போனேன். காரில் உட்கார்ந்து, வலது காலை வைத்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த கியர் கம்பியை ஓட்டுவதற்கான எழுத்துக்கு நகர்த்தினேன். கார் ஒரு சத்தமும் இல்லாமல் கிளம்பியது. ஷெட் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்தது. முதலாளி பின்சீட்டில் இருந்ததால் இருமிச் சமாளித்தேன்.

இன்ஜினியர் கப்பலேற இன்னும் சில நாள் இருந்தது; போகும் முன் எனக்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்கினார். ஓரளவு தமிழ் பேசுவார். இந்தக் காரில் கிளச்சு செய்கிற வேலையை ஒரு எண்ணெய் செய்கிறது, அது இல்லாவிட்டால் எஞ்சின் ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று புரிய வைத்தார். அந்த எண்ணெயைக் காட்டினார். நல்ல சிவப்பு, தண்ணீர் மாதிரி மெல்லியது. நான் அதுவரை கண்ட எண்ணெயெல்லாம் தேன் நிறம் அல்லது கறுப்பு. பிறகு அதை அளந்து பார்க்கும் விதம். "சூடா இருக்கணும். எஞ்சின் ஓடணும். தரை சமமா இருக்கணும். நிறுத்திட்டுப் பாக்கக் கூடாது" என்று விரலை நீட்டிச் சொன்னார். லாரிக்காரன் எண்ணெய் பார்ப்பது விடிகாலையில், வண்டி குளிர்ந்து கிடக்கும்போது, எஞ்சினை ஓட்டுவதற்கு முன்னால். எல்லாமே தலைகீழ். நிறுத்திப் பார்த்தால் உள்ளே மேலே நிற்கும் எண்ணெயெல்லாம் கீழே இறங்கிவிடும், இருப்பதைவிட அதிகமாகக் காட்டும் என்றார். நான் தலையாட்டினேன். மூலையில் சில தகர டின்களைக் காட்டி, இது தீர்ந்தால் மெட்ராஸில் கேள் என்றார்.

எஞ்சின் ஓடும்போது பார்ப்பதில் எனக்கு ஒரு சங்கடம். அந்தக் காரின் கைப்பிரேக் நிற்காது. கியர் பெட்டிக்குள் காரை நிறுத்தி வைக்கிற பல்லும் தேய்ந்துபோயிருந்தது. யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது நான்தான். அப்படியென்றால் முன்னால் நின்று பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். ஷெட்டில் யாரையாவது கூப்பிடலாம். ஆனால் என் காரை இன்னொரு டிரைவர் பார்த்துச் சொல்லி நான் கேட்டுக்கொள்வதா? எனக்குப் பிடிக்கவில்லை. காரை இரவில் என் வீட்டு வாசலில்தான் நிறுத்துவேன். மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் ஓமலூர்ப் பக்கம், மானாவாரிக் காட்டில் வளர்ந்தவள். கார் என்றால் தூசி கிளப்பிக்கொண்டு போகிற சாமான் என்பதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் ஒரு வாரத்தில் பழகிவிட்டாள். நான் துறையூர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றித் திரும்பி வந்து வாசலில் நிறுத்துவேன். பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் கம்பியை ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளி மறுபடி முதலுக்குக் கொண்டுவருவேன். அவள் பானெட்டைத் தூக்கிக் கொம்பு முட்டுக் கொடுப்பாள். எண்ணெய் பார்க்கிற கோடு போட்ட கம்பியை உருவி, என் பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணியால் துடைத்து, திரும்பச் சொருகி, மறுபடி உருவி, வெளிச்சத்தில் பிடிப்பாள். நடுவில் பானெட் நிற்கும். அவள் முகம் எனக்குத் தெரியாது. குரல்தான் வரும்.

"கோட்டுக்கு நேரா இருக்குதுங்க. நல்ல செவப்பு."

சில நாள் "கோட்டுக்கு ஒரு நெல்லு கீழ" என்பாள். நெல், அரை நெல் என்பதுதான் அவளுடைய அளவு. அந்த அளவுக்கு நான் டின்னிலிருந்து ஊற்றச் சொல்லுவேன். எண்ணெய் போகிற குழாய் மெல்லியது. வாய் நீண்ட புனலை வைத்து, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற மாதிரி ஊற்றுவாள். பிறகு கையை முகர்ந்து பார்த்துக்கொள்வாள். துடைத்த துணியைத் துவைத்துக் கொடியில் போடுவாள். எங்கள் கொடியில் எப்போதும் ரோஜா நிறத்தில் சில துண்டுத் துணி ஆடிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்து, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டாளாம்.

கல்யாணப் பருவம் வந்தால் என் காருக்குத்தான் கிராக்கி. மாப்பிள்ளை அழைப்பில் மேளக்காரர்களுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர வேண்டும். கிளச்சு வைத்த கார் அந்த வேகத்தில் திக்கித் திக்கிப் போகும், மாப்பிள்ளை தலைப்பாகை கழன்று மடியில் விழும். என் காரில் மாலைகூட ஆடாது. புதுச்சத்திரம், ராசிபுரம், ஆத்தூரைத் தாண்டிக் கெங்கவல்லி வரைக்கும் கேட்டு வந்தார்கள். என் தொழில் அப்படி மறுபடி நிலைத்தது. ஒற்றைக் காலோடு ஊரில் நிமிர்ந்து நடந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை.

அதைக் கெடுத்தது பகையில்லை, பாசம்.

ஆயுத பூஜைக்கு முதலாளியின் வண்டிகள் எல்லாம் ஷெட்டுக்கு வந்துவிட வேண்டும். நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம், காரில் கண்ணாடிக்குக் கீழே ஜெபமாலைதான் தொங்கும். ஆனால் ஸ்பேனருக்கு வைக்கிற சந்தனப் பொட்டோடு எனக்குச் சண்டை கிடையாது. வருடா வருடம் காரைக் கொண்டுபோய் விடுவேன், பொரிகடலை வாங்கிக்கொண்டு வருவேன். அந்த வருடம் சேலத்தில் மச்சான் குழந்தைக்கு ஞானஸ்நானம். மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, அங்கே ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தான். காரை முன்கூட்டியே ஷெட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போய்விட்டோம்.

ஷெட் மேஸ்திரி ஒரு காலத்தில் என்னிடம் கிளீனராக இருந்தவன். தொப்பூரில் என்னோடு லாரியில் இருந்தவனும் அவன்தான். அவனுக்குச் சிராய்ப்புக்கூட இல்லை, அதை நினைத்து என்னைவிட அவன்தான் அதிகம் வருத்தப்பட்டான். பூஜைக்கு முன்னால் லாரி எல்லாவற்றுக்கும் பழைய எண்ணெயை இறக்கிப் புது எண்ணெய் மாற்றுவது ஷெட் வழக்கம். அண்ணன் ஊரில் இல்லை, அண்ணன் வண்டிக்கும் நம் கையால் செய்துவைப்போம் என்று நினைத்திருக்கிறான்.

நாங்கள் திரும்பி வந்தபோது கார் பளபளவென்று நின்றது. சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம், முன்னால் வாழைக்கன்று, நெற்றியில் இவ்வளவு பெரிய சந்தனம். நான் ஏறி எஞ்சினை ஓட்டினேன். கியர் கம்பியை நகர்த்தினேன். கார் நகரவில்லை. எலுமிச்சம்பழம் முழுசாக இருந்தது. அடியிலிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் மிதித்ததும் முனகல் கூடியது, உடனே அணைத்துவிட்டேன்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தான்.

"ஏனுங்ணா, புதுசா இருக்குதில்ல? கியர்பாக்ஸ் ஆயிலும் மாத்திப்போட்டனுங்ணா. காலைல கம்பியப் போட்டுப் பாத்தா அளவுக்கு மேல நிக்குது. அதுவும் தண்ணியாட்டம். அந்த வெள்ளக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டுப் போயிருக்கறானுங்ணா. எறக்கி உட்டுட்டு நல்ல தொண்ணூறு ஆயிலா ஊத்திட்டன்."

தொண்ணூறு ஆயில் என்பது லாரி கியருக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெய். குளிரில் கரண்டியால் அள்ளலாம். அவன் வாழ்நாளில் பார்த்த கியர்பாக்ஸ் அத்தனைக்கும் அதுதான் ஊற்றியிருக்கிறான். விடிகாலையில் எஞ்சினை ஓட்டாமல் பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். அவன் செய்த ஒவ்வொன்றும் நாமக்கல்லில் எவனைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லுவான். எனக்கு அன்று இந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "தொப்பூர்ல ஒரு காலை எடுத்தாங்க, மிச்சம் இருந்த காலை நீ எடுத்துட்டடா" என்றேன். பூஜைக்கு வந்தவர்கள் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவன் முகம் செத்துப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

என் மனைவிதான் கேட்டாள். "எறக்குன எண்ணெய எங்கீங்க வெச்சிருக்கறீங்க?"

பழைய எண்ணெயை மாட்டுவண்டிக்காரர்கள் கொண்டுபோவது அங்கே வழக்கம். பூஜை அன்று ஷெட் வாசலில் டின்னும் கையுமாக நிற்பார்கள், வண்டி அச்சுக்குப் போடுவதற்கு. சிவப்பு எண்ணெயைக் கண்டதும் அவர்களுக்குள் போட்டி வந்திருக்கிறது. கடைசியில் புதுச்சத்திரத்து வண்டிக்காரர் ஒருவர், நுகத்தடி உராய்ந்து புண்ணான மாட்டுக் கழுத்துக்கு இது மருந்து மாதிரி இருக்கிறது என்று மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

முதலாளி ஒரு லாரியைக் கொடுத்தார். மேஸ்திரி ஓட்ட, நானும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து புதுச்சத்திரம் போனோம். வண்டிக்காரர் வீட்டைக் கண்டுபிடித்தபோது அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மாட்டின் கழுத்தும் சிவப்பாக மினுங்கியது. விஷயத்தைச் சொன்னோம்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்களே சாமி" என்றார். "மாட்டுக்கு நல்லாக் கேட்டிருக்குதுங்க. பாருங்க, ஈ உக்கார மாட்டீங்குது."

என் கட்டையைப் பார்த்தார். அவர் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதனால்தான் உள்ளே போய் டின்னை எடுத்துவந்தார். பாதிக்கு மேல் இருந்தது. மேலே வைக்கோல் துரும்பு மிதந்தது. ஒரு கொட்டாங்கச்சியில் கொஞ்சம் மாட்டுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தார். அதையும் கேட்க மேஸ்திரி வாயெடுத்தான். என் மனைவி கண்ணாலேயே அடக்கினாள்.

மறுநாள் ஷெட்டில் வேலை ஆரம்பித்தது. அடித்தட்டின் நட்டைக் கழற்றிக் கெட்டி எண்ணெயை இறக்கினார்கள். அது இறங்குவதற்கே யுகம் ஆனது. உள்ளே மேலே நிற்கிற எண்ணெயையும் இறக்க வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நட்டு இருக்கிறது, சக்கரம் மாதிரி ஒன்றைத் திருப்பித் திருப்பி அது கீழே வரும் இடத்தில் பிடிக்க வேண்டும் என்று இன்ஜினியர் காட்டியது எனக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது. மேஸ்திரி காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து அதைத் தேடிப் பிடித்தான். அங்கிருந்து வந்தது சிவப்பும் இல்லை, தேன் நிறமும் இல்லை, வெல்லப்பாகு மாதிரி ஏதோ ஒன்று.

உள்ளே ஒட்டியிருப்பதைக் கழுவ மெல்லிய எண்ணெய் வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்றான் ஒருவன். நான் கத்தினேன். என் மனைவி, தம்பி மில்லில் நூல் சுற்றும் கதிருக்கு விடுகிற எண்ணெய் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும், அவன் சட்டையில் பட்டால் கறைகூடத் தெரியாது என்றாள். மில்லில் அதற்கு ஸ்பிண்டில் ஆயில் என்று பெயர். முதலாளி மில்லுக்குச் சொல்லி அனுப்பினார், மச்சான் பஸ்ஸில் டின்னைக் கொண்டுவந்தான். அதை ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, இறக்கினோம். மறுபடி ஊற்றி, ஓட்டி, இறக்கினோம். வருகிற எண்ணெய் ஓரளவு தெளிந்தது. மாட்டிடமிருந்து மீட்ட எண்ணெயை அவள் வேட்டியை நான்காக மடித்து வடிகட்டினாள். டின்னில் மிச்சமிருந்த நல்ல எண்ணெய், வடிகட்டிய எண்ணெய், போதாத குறைக்கு மில் எண்ணெய். முதலில் பாதியை ஊற்றி, எஞ்சினை ஓட்டி, கியர் கம்பியை எல்லா எழுத்துக்கும் தள்ளி, பிறகு பார்த்துப் பார்த்து மிச்சம். நான் உள்ளே பிரேக்கை மிதித்திருந்தேன். ஷெட் முழுக்க ஆண்கள் சூழ்ந்து நிற்க, பானெட்டுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"இன்னும் ரெண்டு நெல்லு. ஊத்துங்க. போதும், நிறுத்துங்க."

மேஸ்திரி அவள் சொன்னபடி ஊற்றினான். அவள் பானெட்டை இறக்கிவிட்டு விலகியதும் நான் கியர் கம்பியை நகர்த்திப் பிரேக்கை விட்டேன். கார் நகர்ந்தது. ஷெட்டில் எல்லோரும் சத்தம் போட்டார்கள். மேஸ்திரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவன் தோளில் கை வைத்திருக்கலாம். வைக்கவில்லை, களைப்பாக இருந்தது. பிறகு ஒரு நாள் வைத்தேன்.

அதன் பிறகு கார் ஓடியது. முன்பு போல ஓடியது என்று சொல்ல மாட்டேன். ஏற்றத்தில் எஞ்சின் கத்தும், கார் யோசிக்கும். யோசித்துவிட்டுத்தான் இழுக்கும். மெட்ராஸுக்கு ஆள் விட்டுக் கேட்டோம். அந்த எண்ணெய் இப்போது வருவதில்லை, வெளிநாட்டுச் சரக்கு எதுவும் வருவதில்லை என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். குறைந்தால் மில் எண்ணெய்தான். கல்யாணக் கிராக்கியை விடவும் முடியவில்லை. நடை வேகத்தில் ஊர்வதுதான் அந்த எண்ணெயை அதிகம் சூடாக்கும். தெரிந்தேதான் ஓட்டினேன். நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு முச்சந்தியிலும் நின்று கீர்த்தனையை நீட்டும்போது எனக்கு அவர் மேல் கொலைவெறி வரும். உள்ளே மாப்பிள்ளை சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருப்பான்.

இப்படியே காலம் போனது. தினமும் காலையில் சூடேற்றுவேன், அவள் பார்ப்பாள். "கோட்டுக்கு நேரா இருக்குதுங்க. நல்ல செவப்பு." எனக்கும் அதைக் கேட்டால்தான் அன்றைய பொழுது நகரும். தூங்கி எழுந்ததிலிருந்து உடம்பெல்லாம் அலுப்பு, இல்லாத காலில் வலி, ஏற்றத்துக்கு ஏற்றம் பயம். அந்தக் குரல் வந்ததும் சரி, இன்றைக்குப் பரவாயில்லை என்று கிளம்புவேன்.

ஒரு நாள் சவரம் பண்ணிக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்திருந்தபோது கொடியைப் பார்த்தேன். ரோஜா நிறத் துணி ஒன்றுகூட இல்லை. முந்தின நாள் இருந்ததா என்று யோசித்தேன். இல்லை. எத்தனை நாளாக இல்லை என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போனேன். அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அடுப்புச் சாம்பலில் பாதி எரிந்த வேட்டித் துண்டு கிடந்தது. எரியாத பக்கம் காப்பிக் கறை மாதிரிப் பழுப்பு. எடுத்து முகர்ந்தேன். பால் அடிபிடித்த வாசம். எந்த டிரைவருக்கும் அந்த வாசத்துக்கு அர்த்தம் சொல்லித்தர வேண்டாம். கியர் பெட்டிக்குள் பிடித்துச் சுழற்றுகிற பட்டைகள் தேய்ந்து, எண்ணெய் வெந்துபோயிருக்கிறது. இனி ஊற்றி ஆகாது, மாற்றியும் ஆகாது.

முதலில் கோபம்தான் வந்தது. தினமும் என் முகத்துக்கு நேரே, இல்லை, பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இப்படி ஒரு பொய். ஆளைக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று கட்டையை ஊன்றிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். அங்கே அந்தச் சுவர் இருந்தது. அதற்கு முன்னால், நான் அந்த ஒரு வருடம் உட்கார்ந்திருந்த இடத்தில், அவள் இரண்டு சாக்கு நெல்லைக் கொண்டுவந்து அடுக்கி வைத்திருந்தாள். நெல் வைக்க வீட்டில் வேறு இடம் இருந்தது. எதற்காக அங்கே வைத்தாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நின்று அந்தச் சாக்குகளைப் பார்த்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த வருடம் மழை பிடிப்பதற்குள் கார் நின்றுவிட்டது. நானும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார வந்துவிட்டேன், இன்றுவரை அதுதான். சுவருக்குப் போகவில்லை என்பது மட்டும் உண்மை. அதையெல்லாம் விவரமாகச் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது. சாம்பலில் துணியைப் பார்த்த மறுநாள் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வழக்கம்போல் சூடேற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். அவள் கொம்போடும் துணியோடும் வந்தாள். "இன்னிக்கு நீ உள்ள ஏறு, நான் பாக்கறேன்" என்றேன். அவள் நின்றுவிட்டாள். "எனக்குத் தெரியாதுங்களே" என்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளை அந்தப் பக்கக் கதவு வழியாக ஏறச் சொல்லி, என் காலுக்குப் பக்கத்தில் அவள் காலை வைக்கச் சொல்லி, அவள் பிரேக்கை அழுத்திய பிறகு என் காலை எடுத்தேன். கட்டையை ஊன்றி இறங்கினேன். இத்தனை வருடத்தில் அவள் அந்த இடத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தாள்.

பானெட்டைத் தூக்கினேன். இருவருக்கும் நடுவில் அது வந்துவிட்டது. கம்பியை உருவித் துடைத்து, சொருகி, மறுபடி உருவினேன். கோட்டுக்கு வெகு கீழே, நுனியில் மட்டும் கொஞ்சம் இருந்தது. கறுப்பு. பிடித்திருந்த துணியில் சுட்ட புண் மாதிரி ஒரு கறை. வாசத்துக்குக் குனியவே வேண்டியிருக்கவில்லை.

கம்பியைத் திரும்ப வைத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

"எப்படீங்க இருக்குது?"

"கோட்டுக்கு நேரா இருக்கு" என்றேன். "நல்ல செவப்பு."

நான் துணியை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"நானும் தெனமும் அதத்தானுங்க சொன்னேன்" என்றாள்.